அரிவாளில் படியும் செம்பு

கம்பத்திலிருந்து மலைப்பாதையில் ஏறினால், தமிழ்நாட்டின் எல்லை முடியுமிடத்தில் இருப்பது கம்பம்மெட்டு. அதற்கப்பால் கேரளத்தின் ஏலத்தோட்டங்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நம்மவர் பலர் இவ்வழியே சென்று அங்கே உழைத்து வருகின்றனர். வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் ஏலக்காயின் மணத்தை அறிவர். அதனைக் காக்கும் இரசாயனத்தின் பழைய வரலாற்றை நாம் இங்கே சற்றுக் காண்போம்.

தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும் ஆனி, ஆடி மாதங்களில் ஏலச்செடியை அழுகல் நோய் பற்றும். காய்கள் அழுகி உதிரும். ஓராண்டு உழைப்பு சில வாரங்களில் மண்ணோடு போகும். அதைத் தடுக்க மழைக்கு முன்பே தெளிப்பது போர்டோக் கலவை: 1 கிலோ துருசு, 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துருசு என்பது நம் வைத்தியர்கள் கூறும் மயில்துத்தமே.

பிரான்சின் போர்டோப் பகுதியில், வழிப்போக்கர் பழம் பறியாதிருக்கச் சாலையோரத் திராட்சைக் கொடிகளில் இக்கலவையைத் தெளித்து வந்தனர். அக்கொடிகள் மட்டும் நோய்க்குத் தப்பியதை மில்லார்டே என்னும் அறிஞர் 1882இல் கண்டு, 1885இல் உலகுக்கு அறிவித்தார். திருடருக்கு வைத்த மருந்து பூஞ்சணத்துக்கு உதவிற்று!

சுண்ணாம்பு குறைந்தால் கலவையில் செம்பு கட்டுப்படாது நின்று இலையைக் கருக்கிவிடும். ஆகவே துலக்கிய அரிவாளைக் கலவையில் சற்று நேரம் அமிழ்த்திப் பார்ப்பது மரபு. அலகில் செந்நிறம் படிந்தால் அது துருவன்று, செம்பே. இரும்பு தன் எலெக்ட்ரான்களை விட்டுக் கரைசலில் இறங்க, அவற்றை ஏற்ற செம்பு உலோகமாக வெளிப்படுகிறது. விடுவது ஆக்சிஜனேற்றம், ஏற்பது ஒடுக்கம். ஆக்சிஜனே பங்குகொள்ளாத வினைக்கு இப்பெயர் ஏனென்று மாணவர் கேட்பது நியாயந்தான். பழைய பெயர் நிலைத்துவிட்டது.

இவ்வினையால் ஓர் அரசாங்கமே நாணயம் அடித்ததுண்டு. சீனத்துச் சோங் மன்னர் காலத்தில், செம்புச் சத்து மிகுந்த ஊற்றுநீரைத் தொட்டிகளில் தேக்கி, அதில் இரும்புத் தகடுகளை இட்டனர். படிந்த செம்பைச் சுரண்டி உருக்கினர். அத்தகைய நீரைக் காய்ச்சிய இரும்புச் சட்டி நாளடைவில் செம்பாகிவிடும் என்று 11ஆம் நூற்றாண்டில் ஷென் குவோ எழுதினார். இரும்பே செம்பாக மாறிற்று என்று முன்னோர் எண்ணியதில் வியப்பில்லை. உண்மையில் நிகழ்வது இடமாற்றம். கணக்குப்படி 56 கிராம் இரும்பு கரைந்தால் 63.5 கிராம் செம்பு கிடைக்கும். நடைமுறையிலோ அமில நீர் இரும்பை வீணாகவும் தின்பதால் செலவு கூடும். ஸ்பெயின் நாட்டு ரியோ டின்டோ சுரங்கங்களிலும் 19ஆம் நூற்றாண்டில் இவ்வாறே பெருமளவில் செம்பை மீட்டனர்.

சீனர் விரும்பிய செந்நிறப் படிவைத் தோட்டத்தார் விரும்புவதில்லை. துருசை இரும்புப் பாத்திரத்தில் கரைத்தால் பாத்திரமே செம்பைக் கவர்ந்துகொள்ளும். மருந்தின் வலிமை குன்றும். ஆதலின் மண், மரம், பிளாஸ்டிக் கலங்களையே கொள்வர். அரிவாள் சிவந்ததாயின், இன்னும் சிறிது சுண்ணாம்புப் பாலை ஊற்றிக் கலக்கி, அலகைத் துலக்கி மீண்டும் அமிழ்த்துவர். அது வெண்மையாகவே வெளிவந்த பின்னரே தெளிக்கத் தொடங்குவர்.