காந்தம் வந்த வழி

எலெக்ட்ரிக் கிதாரின் சப்தம் அதன் மரத்தில் இல்லை என்று சொன்னால் வாசிக்கிறவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வீணைக்குப் பலா, கிதாருக்கு மஹாகனி என்று மரத்தைப் பற்றியே பேசிப் பழகிவிட்ட காதுகள். மரத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் ஒலிபெருக்கிக்குப் போவது மரத்தின் அதிர்வு அல்ல. தந்திகளுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு பெட்டி, அதற்குள் காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடிக்கு இணையான மெல்லிய செம்புக் கம்பி ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. பிக்-அப் என்பது இவ்வளவுதான். காந்தத்தின் பக்கத்தில் இருப்பதால் எஃகுத் தந்தி தானும் சிறிது காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப்பாயம் கூடிக் குறைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டது இதைத்தான். 1944லிருந்து பாபநாசம் மின் நிலையத்தில் நடந்துவருவதும் அடிப்படையில் இதே காரியம். அங்கே தள்ளுவது தண்ணீர், இங்கே விரல்.

ஆகவே சப்தத்தைப் பற்றிப் பேசவேண்டுமென்றால் காந்தத்தைப் பற்றிப் பேசவேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எனக்கு ஆராய்ச்சியாக எழவில்லை. மணிமுத்தாறில் உட்கார்ந்துகொண்டு பிக்-அப் சுற்ற முனைந்ததில், தேவையாக எழுந்தது. கம்பிக்கு வழி உண்டு, சென்னையிலிருந்து தபாலில் வந்துவிடும். திருகாணி, பாலிஷ், சட்டம் எல்லாம் அம்பாசமுத்திரத்திலேயே கிடைக்கும். காந்தத்துக்குத்தான் கடை இல்லை. கடை இல்லாத பொருளுக்குச் சரித்திரம் இருக்கும் என்பது என் அனுபவம்.

முதல் பிக்-அப்பைச் செய்தவர் என்று சொல்லத் தகுந்தவர் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம். 1931இல் அவர் செய்த கருவி வாணலி வடிவத்தில் இருந்ததால் அதற்கு வாணலி என்றே பெயர் விழுந்தது. மடியில் கிடத்தி வாசிக்கிற ஹவாயன் கிதார் அது. சுருளைச் சுற்ற அவர் வாஷிங் மெஷின் மோட்டாரைப் பயன்படுத்தினார் என்று ஒரு கதை உண்டு. கதையாக இருந்தாலும் நம்பத் தோன்றுகிறது. வீட்டுச் சாமானைப் பிரிக்காமல் இந்த வேலை எவனுக்கும் ஆரம்பமாவதில்லை. அவர் வைத்தது இரண்டு பெரிய குதிரை லாடக் காந்தங்கள், தந்திகளுக்கு மேலேயும் வளைந்து அணைத்துக்கொண்டிருக்கும். அவ்வளவு பெரிதாக இருந்ததற்குக் காரணம் ரசனை அல்ல. அன்றைய எஃகுக் காந்தங்களுக்குச் சக்தி போதாது, சக்தியைப் பருமனால் ஈடுகட்டவேண்டியிருந்தது.

அதே 1931இல், கிதாரைப் பற்றி எந்த நினைப்பும் இல்லாமல், ஜப்பானில் மிஷிமா தொகுஷிச்சி என்ற உலோகவியல் அறிஞர் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். காந்தத்தன்மையை இழந்த நிக்கல் எஃகில் அலுமினியத்தைச் சேர்த்தால் அது மறுபடி காந்தமாகிறது, அதுவும் முன்னைவிடப் பிடிவாதமாக. பின்னால் கோபால்ட்டும் கொஞ்சம் செம்பும் சேர்ந்தன. அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றின் ஆங்கிலத் தலையெழுத்துக்களைக் கோத்து அல்னிகோ என்று பெயர் வந்தது. செம்பைப் பெயரில் விட்டுவிட்டார்கள். தாமிரத்தைப் பெயரில் வைத்திருக்கும் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போரில் அல்னிகோ பெருகியது. போர் முடிந்ததும் ரேடியோவுக்குள்ளும் ஒலிபெருக்கிக்குள்ளும் போயிற்று, அங்கிருந்து கிதாருக்குள் வந்தது. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒவ்வொரு பிக்-அப்பிலும் ஆறு சிறு அல்னிகோ உருளைகள், தந்திக்கு ஒன்றாக. அடுத்த ஆண்டு கிப்ஸன் கம்பெனியின் ஸெத் லவர், இரைச்சலை ரத்துசெய்யும் இரட்டைச் சுருளுக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். அதில் பட்டைக் காந்தம். அந்த முதல் சில ஆண்டுகளின் இரட்டைச் சுருள்கள் இன்று தெய்வ விக்கிரகம் மாதிரி விலைபோகின்றன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாததே அவற்றின் மகிமை என்கிறார்கள். ஏன் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை? அல்னிகோவில் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று தரங்கள் உண்டு. கிப்ஸனில் அந்தந்தச் சமயத்துக்கு எது வந்து சேர்ந்ததோ அதை வைத்து மூடினார்கள். ஒரு தலைமுறையே ஆத்மாவின் குரல் என்று உருகிய சப்தத்தில் கொள்முதல் குமாஸ்தாவின் கையெழுத்தும் இருக்கிறது. இதைக் கேட்டு மனம் நோகிறவர்கள் கலையைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் சற்று பலவீனமானது என்றே நினைக்கிறேன்.

நம்மிடம் அல்னிகோ பெயர் சொல்லிக்கொள்ளாமல் வந்தது. வால்வு ரேடியோவின் ஒலிபெருக்கிக்குள், கொடைக்கு ரேடியோ கட்டுகிறவர்களின் புனல் குழாய்க்குள், வாசல் சுவரில் தட்டு சுழன்றுகொண்டிருந்த பழைய கரண்ட் மீட்டருக்குள். மீட்டரில் அதற்கு வேலை தட்டை ஓடவிடாமல் இழுத்துப் பிடிப்பது. மாடன் கோயில் கொடையில் ஊரைத் தூங்கவிடாமல் செய்ததும், மாதக் கடைசியில் பில்லைக் கட்டுக்குள் வைத்ததும் ஒரே உலோகம்.

இது நின்றுபோனதற்குக் காரணம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கோபால்ட்டில் பெரும் பங்கு அன்று ஸயர் என்று பெயர் வைத்திருந்த காங்கோவின் ஷாபா மாகாணத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. 1978 மே மாதம் அங்கே கொல்வேசி நகருக்குள் கிளர்ச்சிப் படை புகுந்தது; சுரங்கங்கள் நின்றன, கோபால்ட் விலை பன்மடங்காயிற்று. ஃபெரைட் என்கிற கறுப்புப் பீங்கான் காந்தம் 1950களிலிருந்தே மலிவாக வந்துகொண்டிருந்ததால், ஒலிபெருக்கி செய்கிறவர்கள் யோசிக்காமல் அதற்கு மாறினார்கள். இன்று எந்தப் பழைய ஸ்பீக்கரை உடைத்தாலும் பின்புறம் கறுப்பு வளையம் இருந்தால் அது கொல்வேசிக்குப் பிந்தியதாக இருக்க அதிக சாத்தியம். உள்ளே மறைந்த வெள்ளிநிறக் கட்டையாக இருந்தால் முந்தியது. மட்பாண்டச் சில்லை வைத்துக் காலம் சொல்கிற மாதிரி இதிலும் சொல்லலாம்.

அப்படி ஒரு கட்டை பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அலுமினிய விலையா இரும்பு விலையா என்று கேட்டேன். இரண்டும் அதில் இருப்பதால் அது நியாயமான கேள்விதான். கடைக்காரர், "காந்தத்துக்குத் தனி ரேட்டு கெடையாது அண்ணாச்சி, இரும்போட இரும்பாத்தான் போடுதேன். தராசுத் தட்டுல ஒட்டிக்கிடும், நீங்கதான் பிச்சு எடுக்கணும்" என்றார்.

இந்த மலைத்தொடருக்குக் காந்தம் வந்த கதை அல்னிகோவோடு ஆரம்பிக்கவில்லை. திருவனந்தபுரத்தில் மகாராஜாவின் வானாய்வுக் கூடத்துக்கு இயக்குநராக 1852இல் வந்த ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1855இல் அகஸ்தியமலை உச்சியில், ஆறாயிரம் அடிக்கு மேல், ஒரு காந்த ஆய்வுக் கூடம் கட்டினார். பூமியின் காந்தப் புலம் நாளுக்குள்ளேயே இம்மி இம்மியாக அசைகிறது. அந்த அசைவு உயரத்தில் எப்படி இருக்கும், கீழே எப்படி இருக்கும் என்று ஒப்பிட வேண்டும் அவருக்கு. இரண்டு இடத்துக் கணக்குகளும் 1874இல் புத்தகமாயின. அகத்தியர் தமிழுக்கு இலக்கணம் செய்ததாக நாம் சொல்லும் சிகரத்தில் ஒருவர் தொங்கவிட்ட காந்தத்தின் நடுக்கத்தைக் குறித்துக்கொண்டிருந்தார் என்பது நம் ஸ்தல புராணங்கள் எதிலும் ஏறவில்லை. ஆனால் அவருடைய காந்தம் கேட்பதற்காக வந்தது, இங்கே செய்யப்பட்டதல்ல.

இங்கே செய்திருக்கக் கூடிய காந்தத்தின் கதை மலையின் அந்தச் சரிவில் இருக்கிறது. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, நாலுமுக்கு, குதிரைவெட்டி என்று ஏறிப்போகும் பாதை மேல் கோதையாறில் முடிகிறது. அங்கே விழும் மழை நம் பக்கம் வருவதில்லை, கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் இறங்கித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேர்கிறது. அந்த ஆற்றுக்கும் தாமிரபரணி என்று பெயர் உண்டு. அந்தச் சரிவின் ஆறுகள் யுகயுகமாக மலைப்பாறையை அரைத்துக் கொண்டுபோய்ப் போட்டதைக் கடலலை புடைத்துப் புடைத்துக் கனமானதை மட்டும் கரையில் ஒதுக்கியது. மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணல் இதுதான். அன்று அது திருவிதாங்கூர். 1956இல்தான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயனி, ஐரோப்பாவுக்கு வந்த தேங்காய்நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மஞ்சள் பழுப்பான மோனஸைட்டைக் கண்டு, அதன் ஊரைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அவர் தேடியது மோனஸைட்டில் எட்டு ஒன்பது சதவீதம் இருந்த தோரியத்தை. ஆஸ்திரிய ரசாயனி ஆயர் ஃபான் வெல்ஸ்பாஹ் 1885இல் கண்டுபிடித்த காஸ் விளக்கு வலைக்கு அது வேண்டியிருந்தது. ஐரோப்பிய வீதிகளுக்கு வெளிச்சம் போயிற்று. திரும்பி நம்மிடம் பெட்ரோமாக்ஸ் மேண்டிலாக வந்து, சப்பரத்துக்கு முன்னாலும் கூத்து மேடையிலும் எரிந்தது. மோனஸைட்டில் பாதிக்கு மேல் இருந்த அருமண் உலோகங்கள் மிச்சமாயின. ஒரு பகுதி சிகரெட் லைட்டரின் கல்லாயிற்று, அதுவும் வெல்ஸ்பாஹின் காரியம்தான். இதில் என்னை நிறுத்திவைத்த விவரம் ஒன்று உண்டு. விளக்கு வலையைச் செய்த அதே 1885இல் அதே மனிதர், அதுவரை ஒரே தனிமம் என்று எண்ணப்பட்ட டிடிமியத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்றின் பெயர் நியோடிமியம். அது காந்தத்துக்கு உதவும் என்று சொல்ல ஏறத்தாழ நூறு ஆண்டு ஆயிற்று. 1982இல் ஜப்பானில் ஸகாவா மசாதோவும், தனியாக அமெரிக்காவில் ஜான் குரோட்டும், நியோடிமியத்தை இரும்போடும் போரானோடும் சேர்த்து, அதுவரை உலகம் பார்த்ததில் மிக வலிய காந்தத்தைச் செய்தார்கள். மணவாளக்குறிச்சி மணலைக் காந்தத்தால்தான் பிரிக்கிறார்கள். கறுப்பு இல்மனைட் எளிதில் போய் ஒட்டிக்கொள்ளும், மோனஸைட்டை இழுக்க இன்னும் வலுவான காந்தம் வேண்டும். காந்தமாகப் போகிற மண்ணைக் காந்தம் பொறுக்கியெடுக்கிறது.

இங்கே வழக்கமான கூப்பாடு ஒன்று எழும். எல்லாம் நம்மிடம் இருந்தது, வெள்ளைக்காரன் கொண்டுபோனான் என்று. முதல் பாதி உண்மைதான், இரண்டாவது பாதி போதாது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950இல் இந்திய அருமண் நிறுவனம் அமைந்தது, 1952இல் ஆலுவாயில் மோனஸைட்டைப் பிரிக்கும் ஆலை வந்தது. உலோகத்திலிருந்து காந்தம் வரைக்குமான தூரத்தை மட்டும் நடக்கவில்லை. விசாகப்பட்டினத்தில் ஆண்டுக்கு 3000 கிலோ காந்தம் செய்யும் அரசு ஆலை 2023இல்தான் திறக்கப்பட்டது. அதுவும் ஸமேரியம்-கோபால்ட் காந்தம். 2025 ஏப்ரலில் சீனா தன் அருமண் காந்தங்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்கு அனுமதி கட்டாயம் என்றதும் நம் மோட்டார் கம்பெனிகள் தவித்தன.

இருக்கட்டும். கிதாருக்கு நியோடிமியம் ஆகுமா? பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்தால் பிறை வடிவில் இரண்டு கிடைக்கும். வைத்துப் பார்த்தேன். தடித்த தந்தி வெளியிலிருந்து பார்க்கவே கீழ்நோக்கி இழுபட்டது. மீட்டினால் ஸ்வரம் ஒரு கணம் எழுந்து உடனே அடங்கியது. மேல் கட்டைகளில் ஒரே ஸ்வரத்துக்குள் இரண்டு ஸ்வரம் அடித்துக்கொண்டன. காந்தம் தந்தியைக் கேட்பதற்குப் பதில் பிடித்துக்கொண்டுவிட்டது. தூரத் தள்ளி வைத்தும், சிறு துண்டாக வைத்தும் சமாளிக்கிறவர்கள் உண்டு. ஆனாலும் தந்திக்குத் தன் ஆயுளை முழுக்க வாழ இடம் கொடுப்பது பழைய அல்னிகோவின் பலவீனம்தான்.

தந்தியின் ஆயுள் நமக்கு முக்கியம். உ. ஸ்ரீனிவாஸ் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்தபோது, இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்தியோடு எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டார். சாதா மாண்டலினில் மீட்டிய ஸ்வரம் கமகம் முடிவதற்குள் செத்துவிடும். வீணைக்கு இதே காந்தத்தை வைக்கலாமே என்பார்கள். அது அவ்வளவு எளிதல்ல. சாரணியும் பஞ்சமமும் எஃகு. மந்தரமும் அனுமந்தரமும் பழைய வழக்கப்படி பித்தளை அல்லது வெண்கலம். பித்தளை எவ்வளவு அழகாக அதிர்ந்தாலும் காந்தத்துக்கு அது நடந்ததே தெரியாது. அதனால்தான் வீணைக்காரர்கள் பலர் மரத்தில் ஒட்டுகிற மைக்கோடு திருப்தியடைந்தார்கள். மரத்தைப் பற்றிய நம் பேச்சு அங்கே சரியாகத்தான் இருக்கிறது.

இரும்புக் கடைக் கட்டைக்கு வருகிறேன். அல்னிகோவை அரத்தால் ராவ முடியாது, துளை போட முடியாது; கண்ணாடி மாதிரி சிதறும். தண்ணீர் விட்டுக்கொண்டே உராய்ப்புச் சக்கரத்தில் இரண்டு பட்டைகளாக அறுத்தேன். காந்தத்தின் அச்சு எந்தப் பக்கம் என்று முன்னமே குறித்துக்கொள்ள வேண்டும், செய்யும்போதே அதற்குத் திசை வைத்துவிடுகிறார்கள். ஒலிபெருக்கியின் இரும்புக் கூட்டிலிருந்து பிரித்தபோதே அது பாதி செத்துவிட்டிருந்தது. அல்னிகோவின் சுபாவம் அது, தன்னை மூடிய இரும்பு விலகினால் தன் புலமே தன்னை அழிக்கும். அறுத்து முடித்தபோது ஒரு குண்டூசியைக் கூட ஒழுங்காகத் தூக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் பிறைகள் இரண்டையும் மரக்கட்டையில் எதிரெதிரே, ஒன்றையொன்று இழுக்கும்படி பொருத்தி, நடுவே பட்டை நுழையும் அளவுக்குச் சந்து விட்டு, பட்டையை ஒரே திசையில் மெல்ல இழுத்தேன். இரண்டாவது தடவையில் திருகாணி போய் ஒட்டிக்கொண்டது. நியோடிமியத்தை எடுத்து மேஜையின் அடுத்த கோடியில் வைத்துவிட்டுச் சுருளுக்கு அடியில் பட்டைகளைச் செருகினேன்.