செயல்பாட்டுப் பெருக்கியின் பொதுநிலை விலக்கத் தகவை அளத்தல்

பொதுநிலை விலக்கத் தகவு (சி.எம்.ஆர்.ஆர்.) என்பது ஒரு செயல்பாட்டுப் பெருக்கி (ஆப்-ஆம்ப்) தன் இரு உள்ளீடுகளிலும் ஒரே அளவில் தோன்றும் மின்னழுத்தத்தை எந்த அளவுக்குப் புறக்கணிக்கிறது என்பதைக் காட்டும் எண் ஆகும். வேறுபாட்டுப் பெருக்கத்தைப் பொதுநிலைப் பெருக்கத்தால் வகுத்தால் இது கிடைக்கும். பெரும்பாலும் டெசிபெல்லில் தரப்படுகிறது. 80 டெசிபெல் என்பது 10,000 மடங்கு. 1968 இல் ஃபேர்சைல்டு நிறுவனம் வெளியிட்ட 741 சில்லின் பொதுப்பயன் வகைக்கு இதன் மதிப்பு வழக்கமாக 90, குறைந்தது 70 டெசிபெல் ஆகும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற தொழிற்பகுதிகளில் லாரிகளை நிறுக்கும் மின்னணு எடைமேடையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் சுமை உணரியில் உள்ள மின்தடைச் சமனச்சுற்றுக்கு 10 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமையிலும் கிடைக்கும் குறிகை ஏறத்தாழ 20 மில்லிவோல்ட் மட்டுமே. ஆனால் இரு கம்பிகளும் 5 வோல்ட் பொதுநிலை மின்னழுத்தத்தில் நிற்கின்றன.

== எளிய முறையும் அதன் குறையும் ==

ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகள் உட்படப் பொறியியற் கல்லூரிகளின் ஆய்வகங்களில் 741 சில்லையும் நான்கு மின்தடைகளையும் கொண்டு வேறுபாட்டுப் பெருக்கி அமைப்பது வழக்கம். இரு உள்ளீடுகளையும் இணைத்து ஒரே மின்னழுத்தத்தைக் கொடுத்து, வெளியீட்டை அளந்தால் தகவு கிடைத்துவிடும் என்று தோன்றும். உண்மையில் அப்போது அளக்கப்படுவது பெரும்பாலும் மின்தடைகளின் பொருந்தாமையே. பெருக்கம் 1 ஆகவும் மின்தடைகளின் பிழை 1 விழுக்காடாகவும் இருந்தால், மிக மோசமான நிலையில் தகவு 50 மட்டுமே, அதாவது 34 டெசிபெல். மேற்கண்ட எடைமேடையில் இது 100 மில்லிவோல்ட் பிழையாகும்; முழுச் சுமைக் குறிகையைப்போல் ஐந்து மடங்கு! குறையற்ற சில்லைப் பழுதென்று ஒதுக்கிவைக்க இதுவே போதும்.

== மின்வழங்கலை நகர்த்தும் முறை ==

மின்தடைப் பொருத்தத்தைச் சாராமல் அளக்க, உள்ளீடுகளை நிலத்தருகே வைத்துவிட்டு மின்வழங்கலை நகர்த்த வேண்டும். முதலில் +20, −10 வோல்ட். அடுத்து +10, −20 வோல்ட். மொத்த வழங்கல் 30 வோல்டாகவே இருப்பதால் வழங்கல் மாற்றத்தின் விளைவு கலப்பதில்லை. சில்லின் பார்வையில் உள்ளீடுகள் 10 வோல்ட் நகர்ந்துள்ளன. சில்லின் வெளியீடும் வழங்கலின் நடுப்புள்ளியிலேயே (முறையே +5, −5 வோல்ட்) நிற்க வேண்டும். இல்லையெனில் திறந்த சுற்றுப் பெருக்கத்தின் பிழை சேர்ந்துவிடும். இதற்கென இரண்டாவது பெருக்கி ஒன்று பின்னூட்டச் சுற்றில் இணைக்கப்படுகிறது. அதன் வெளியீட்டிலிருந்து 1,00,000 ஓம், 100 ஓம் மின்தடைகள் வழியாகச் சில்லின் உள்ளீட்டுக்குப் பின்னூட்டம் செல்வதால், உள்ளீட்டு விலகல் மின்னழுத்தம் 1001 மடங்காகத் தெரிகிறது. 90 டெசிபெல் சில்லில் விலகல் 316 மைக்ரோவோல்ட் மாறும். சாதாரணப் பல்லளவி 0.316 வோல்ட் மாற்றத்தைக் காட்டும். 70 டெசிபெல் எனில் 3.16 வோல்ட்.

இவ்வாறு கிடைப்பது நேர்மின்னோட்ட மதிப்பு மட்டுமே. அதிர்வெண் உயர உயரத் தகவு குறைவதால், மாறுமின் இரைச்சலுக்கு உரிய மதிப்பை அந்தந்த அதிர்வெண்ணிலேயே தனியாக அளக்க வேண்டும்.