சோழவரத்து ஓடுபாதை

ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றத்தைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிறவர்களுக்குச் சோழவரம் என்றால் ஏரிதான் நினைவுக்கு வரும். சென்னையின் பழைய மெக்கானிக்குகளிடம் அதே பெயரைச் சொன்னால் பேச்சு எஞ்சின் சத்தத்துக்குத் திரும்பிவிடும். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுபாதை ஒன்று அங்கே இருந்தது. போர் முடிந்தது, விமானங்கள் போயின, சிமென்ட் தளம் மட்டும் மிஞ்சியது. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும் 1948-ல் பந்தயக் களங்களானது இப்படிக் கைவிடப்பட்ட விமானத் தளங்களிலிருந்துதான். 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தில் செய்ததும் அதையேதான்.

1980-களின் இறுதி வரை இந்தியாவில் கார் பந்தயம் என்றாலே சோழவரம். வளைவுகளில் வைக்கோல் கட்டுகளையும் டிரம்களையும் அடுக்கித் தடம் வகுத்தார்கள். அந்தத் தடத்தில் ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவை பந்தயத்துக்கென்று பிறந்தவை அல்ல. வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது கனவிலும் நடக்காத காலம். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் என்ற மூன்றுக்குள் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். அதையும் பல வருடம் வீட்டுக்கு உழைத்து ஓய்ந்த பிறகே பந்தயத்துக்குக் கொண்டுவர மனம் வரும்.

சென்னைக்கு அருகிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. அதன் பாடியும் சேஸியும் தனித்தனி. போல்ட்டுகளைக் கழற்றிப் பாடியைத் தூக்கிவிட்டால், கீழே எஞ்சினோடும் சக்கரங்களோடும் ஒரு முழு வண்டி நிற்கும். அதன்மேல் தகடு வளைத்து வேறு உருவம் கொடுக்கலாம், எடையைப் பாதியாகவும் குறைக்கப் பார்க்கலாம். இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனமே ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது.

ஃபியட்காரர்களின் வழி வேறு. ஃபியட்டின் 1,089 சிசி எஞ்சினில் ஹெட்டைச் சீவி கம்ப்ரெஷனைக் கூட்டுவார்கள். காற்று போகும் வழியைக் கையாலேயே ராவி அகலப்படுத்துவார்கள், ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டை வைப்பார்கள். லேத் பட்டறையும் பொறுமையும் இருந்தால் போதும். கிடைக்காத சாமானுக்குப் புதுப்பேட்டை காயலான் கடைகள் இருந்தன. பட்டியலில் இல்லாத பாகத்தை வேறொரு வண்டியின் பாகத்திலிருந்து கடைந்தெடுக்கும் கைத்திறன் அங்கிருந்துதான் வளர்ந்தது. சென்னையின் பந்தய வரலாறு கோப்பை வாங்கியவர்களைச் சொல்கிற அளவுக்கு இந்தக் கைகளைச் சொல்வதில்லை. அது பெரிய குறை.

1980-களின் தொடக்கத்தில் தொழிலதிபர் விஜய் மல்லையா சோழவரத்துக்கு ஒரு என்சைன் காரைக் கொண்டுவந்தார். ஃபார்முலா ஒன் கார்தான், ஆனால் அதுவும் ஐரோப்பாவில் ஓடி முடித்த பழைய வண்டி.

பட்டறையிலிருந்து அடுத்த படிக்கு ஏறியவர் கோவையின் எஸ். கரிவர்தன். மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். சந்தையில் எளிதாகக் கிடைக்கிற எஞ்சின், எல்லா மெக்கானிக்குக்கும் பிரிக்கத் தெரிந்த எஞ்சின். நாராயண் கார்த்திகேயன் தொடங்கியது அந்தக் காரில்தான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரானபோது அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார்.

1990-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தனக்கென்று இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் 12 திருப்பங்களோடு ஒரு தடத்தைத் திறந்தது. பாதுகாப்பான, நிரந்தரமான தடம். அந்த முடிவைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பந்தயம் சோழவரம் இருக்கும் திருவள்ளூர்ப் பக்கத்தை விட்டுப் போனது.

எட்டு வருடம் கழித்து அதே திருவள்ளூருக்கு ஒரு கார் வந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் இங்குள்ள ஆலையில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்த நேரத்தில் உலக ராலியில் லான்சர் எவல்யூஷனை வைத்து டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றுகொண்டிருந்தார். திருவள்ளூரில் செய்த 1.5 லிட்டர் லான்சருக்கு எவல்யூஷனின் டர்போவும் கிடையாது, நான்கு சக்கர இழுவையும் கிடையாது. ஆனால் உடற்கூடு அதே குடும்பம். பின்சக்கரங்களுக்கு மல்டிலிங்க் சஸ்பென்ஷன் இருந்தது. அந்த விலையில் அது பெரிய விஷயம். இளைஞர்கள் அதை விட்டுவைப்பார்களா? 2006-ல் வந்த அடுத்த தலைமுறை லான்சரான செடியா இந்திய ராலிகளிலும் இறங்கியது.

இன்று கடைசியாக வந்த லான்சருக்கே பத்து வயது தாண்டிவிட்டது. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியவை சல்லிசாகக் கிடைக்கின்றன. தடத்தில் ஓட்ட வாங்குகிறவர் முதலில் பவரைக் கூட்டத்தான் ஆசைப்படுவார். பழகிய மெக்கானிக் விடமாட்டார். முதலில் கம்ப்ரெஷன் பார்ப்பார், ஆயில் பிரஷர் பார்ப்பார், டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று கேட்பார். விறைத்து வெடித்த சஸ்பென்ஷன் புஷ்களை எல்லாம் ஒன்றுவிடாமல் கழற்றுவார். ரேடியேட்டரை மாற்றச் சொல்வார்.

பிறகு பிரேக். சோழவரத்து நீண்ட ஓடுபாதையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே போக வேண்டியிருந்ததால் அங்கே எஞ்சின்தான் கொதிக்கும். இருங்காட்டுக்கோட்டையின் திருப்பங்களில் பிரேக் கொதிக்கும். பல வருடம் மாற்றாத பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூட்டில் அந்த ஈரம் ஆவியானால் பெடல் கால் வைத்ததும் தரைவரை இறங்கிவிடும். புது ஆயில், நல்ல பேட், நல்ல டயர் மூன்றும் இல்லாமல் தடத்துக்குப் போகவே கூடாது.

அதற்கப்புறம் கழற்றும் வேலை. பின்சீட், கார்பெட், கதவு அட்டை, அடியில் ஒட்டிய தார் ஷீட் எல்லாம் போகும். முறையான பந்தயத்துக்கு என்றால் ரோல் கேஜ், பக்கெட் சீட், பல முனைப் பெல்ட், தீயணைப்பான், மின்சாரத்தை ஒரே இழுப்பில் அறுக்கும் சுவிட்ச் எல்லாம் ஏறும். ரோல் கேஜ் வெல்டிங்கில் காசு மிச்சம் பிடிக்கிறவர் தன் உயிரில் மிச்சம் பிடிக்கிறார்.

சாலையிலும் ஓட்டுவதென்றால், பதினைந்து வருடம் முடிந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் உடைப்புக்குப் போகும் வண்டிகளின் இரும்பு கடைசியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற இடங்களின் உருக்காலைகளில் கம்பியாக மாறுகிறது. அந்த ஆலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றிப் போகும் லாரிகள் செல்லும் அதே ஜி.என்.டி. ரோட்டில்தான், ஒரு காலத்தில், தகடு வளைத்த ஹெரால்டுகள் விடியலில் சோழவரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.