ஒரே கம்பெனி, இரண்டு ஓடைகள், ஒரு வாலாட்டி

கே.ஜி.எஃப்.காரர்களிடம் டிப்பர் என்று சொன்னால் மண் அடிக்கும் லாரிதான் ஞாபகத்துக்கு வரும். நான் இப்போது பிழைப்பு நடத்தும் வேல்ஸில் டிப்பர் என்பது ஒரு குருவி. நம்ம ஊர் மைனாவை விடக் கொஞ்சம் சின்னது. குண்டு உடம்பு, குட்டை வால், பழுப்பு நிறம், தொண்டையிலிருந்து மார்பு வரை பளிச்சென்று வெள்ளை. வேகமாக ஓடும் ஓடையின் நடுவில் ஒரு பாறை மேல் நின்றுகொண்டு பிள்ளையாரைப் பார்த்தது போலத் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று தண்ணீருக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கூழாங்கற்களைப் புரட்டிப் பூச்சிகளின் புழுக்களைப் பிடிக்கும். பாடும் பறவைகளில் இப்படித் தண்ணீருக்குள் மூழ்கி இரை தேடுவது இந்தக் குடும்பம் ஒன்றுதான். ஆணும் பாடும், பெண்ணும் பாடும், பனி கொட்டும் ஜனவரியிலும் பாடும். இமயமலை ஓடைகளில் இதன் சொந்தக்காரர்கள் உண்டு. தெற்கே கிடையாது.

தங்கவயல் சரித்திரம் என்று ஆரம்பித்துவிட்டு இவன் எங்கேயோ இருக்கிற குருவியைப் பிடித்துக்கொண்டானே என்று நினைக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பெனி இருக்கிறது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். நம் தாத்தாக்கள் சம்பளம் வாங்கிய அதே கம்பெனி.

1870களில் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர், நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு வந்தவர், கோலாரில் தங்கம் தேட மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். அவர் கையில் பணம் போதவில்லை. 1880ல் லண்டனிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அதற்கப்புறம் சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், மாரிக்குப்பம் ரயில், 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம் என்று எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. 1956ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொள்ளும் வரை நிர்வாகம் அவர்களுடையதுதான்.

தெரியாத கதை அதற்கு அரை நூற்றாண்டு முந்தையது. இந்தக் கம்பெனியின் மூத்த ஜான் டெய்லர் (1779–1863) கோலாரைக் கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பில்லாத காலத்தில், 1830களில், மேற்கு வேல்ஸின் கார்டிகன்ஷயரில் ஈயச் சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்தார். ஃப்ரான்கோக் சுரங்கம் அஸ்ட்வித் ஆற்றுப் பக்கம். கோகினான் சுரங்கம் ரெய்டோல் ஆற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடையின் பக்கத்தில். தொழில்முறை நமக்குப் பழக்கமானதுதான். தோண்டு, நொறுக்கு, கழுவு, வேண்டியதை எடுத்துக்கொள், மிச்சத்தைக் கொட்டு. மலைச்சரிவு என்பதால் கொட்டியதெல்லாம் மழையோடு ஓடைக்கு இறங்கியது. டெய்லர் மட்டுமல்ல, அந்தப் பள்ளத்தாக்கில் தோண்டிய எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள். ஈயமும் துத்தநாகமும் கரைந்த தண்ணீரில் மீன் போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு பெண்மணி வருகிறார். கேத்லீன் கார்ப்பென்டர். முதல் உலகப் போர் முடிந்த கையோடு அபெரிஸ்ட்வித் கல்லூரியிலிருந்து கிளம்பி, ஆறு ஆறாக இறங்கி, கல்லைப் புரட்டி என்னென்ன உயிர் இருக்கிறது என்று எண்ணினார். 1924ல் அவருடைய ஆய்வு வெளிவந்தது. ரெய்டோலின் கீழ்ப்பகுதியில் 1919–21ல் அவருக்குக் கிடைத்தவை 14 வகை உயிர்கள். சுரங்கங்கள் ஓய ஆரம்பித்தன. 1922ல் 29 வகை. அதே ஆற்றை 1930களின் தொடக்கத்தில் வேறு இருவர் எண்ணியபோது 103.

வங்கிக்காரன் கண்ணுக்கு இந்த மூன்று எண்கள்தான் முதலில் தெரிந்தன. 14, 29, 103. இதில் மிக முக்கியமான எண் எது என்று கேட்டால் 14 என்பேன். அதைத்தான் நாங்கள் பி.காம் வகுப்பில் தொடக்க இருப்பு என்று படித்தோம். அது இல்லாமல் 103 என்பதற்கு அர்த்தமே கிடையாது.

கார்ப்பென்டர் எண்ணியது புழு பூச்சிகளை. அந்தப் புழு பூச்சிகளைத் தின்று வாழ்கிற குருவியை எண்ணியவர்கள் 1980களில் வந்தார்கள். ஸ்டீவ் ஓர்மரோட், ஸ்டெஃபனி டைலர் என்ற இருவரும் வேல்ஸ் முழுக்க ஓடை ஓடையாக டிப்பர் கூடுகளைத் தேடினார்கள். அப்போது பிரச்சினை ஈயம் இல்லை, அமில மழை. நிலக்கரி எரித்த புகையில் இருக்கும் கந்தகம் மழையோடு சேர்ந்து மலை ஓடைகளுக்கு வந்தது. அமிலத் தண்ணீரில் அலுமினியம் கூடும், சுண்ணாம்புச் சத்து குறையும், மே ஈசலின் புழுக்கள் செத்துப்போகும். அந்த ஓடைகளில் டிப்பர் அரிதாக இருந்தது. இருந்தவையும் தாமதமாக முட்டையிட்டன, குறைவாக இட்டன, ஓடு மெலிந்திருந்தது. மத்திய வேல்ஸில் ஓர் ஆற்றில் 1960களுக்கும் 1984க்கும் நடுவில் தண்ணீரின் பி.எச். அளவு 1.7 இறங்கியது, டிப்பர்கள் நூற்றுக்கு எழுபது எண்பது காணாமல் போயின. இதை 1985ல் வெளியிட்டார்கள்.

அதே ஓடைகளில் சாம்பல் வாலாட்டி என்ற இன்னொரு குருவியும் உண்டு. அமிலம் அதை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. காரணம் எளிது. டிப்பருக்குத் தண்ணீர் ஒன்றுதான் சமையலறை. வாலாட்டி கரையில் இருக்கும் பூச்சிகளையும் பிடித்துச் சமாளித்துக்கொள்ளும். ஒரே வருமானத்தை நம்பியிருக்கும் வீட்டுக்கும், கடை ஒன்று சம்பளம் ஒன்று என்று இருக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் :-)

சுரங்கத்துக்கும் பாடும் பறவைக்கும் உறவு பழையது. 1896ல் தெற்கு வேல்ஸின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்க விபத்தை ஆராய்ந்த ஹால்டேன், வெடியை விட விஷவாயுவே அதிகம் பேரைக் கொன்றது என்று கண்டார். அதன் பிறகு கேனரிக் குருவியைக் கூண்டில் வைத்துக் கீழே கொண்டுபோகும் வழக்கம் வந்து, 1980கள் வரை நீடித்தது. அதில் குருவி செத்துச் சொல்லும். ஓடைக் குருவி முட்டை எண்ணிக்கையிலேயே சொல்லிவிடுகிறது, பார்க்க ஆள் இருந்தால்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

கோலாரில் பாறையை மாவாக நொறுக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகள் மேல் ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடித்தார்கள். தப்பிய தங்கத்துக்கு 1890களில் சயனைடு வந்தது. 1887ல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற முறை அது. சயனைடு கரைசலில் தங்கம் கரையும், துத்தநாகத்தைப் போட்டால் திரும்பிப் படியும். மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி வளர்ந்தவைதான் நாம் சயனைடு மலை என்று சொல்லும் மேடுகள். இன்று 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். 2001 பிப்ரவரி 28 அன்று மூடும் வரை கோலார் கொடுத்த தங்கம் மொத்தம் ஏறத்தாழ 800 டன். வகுத்துப் பார்த்தேன். ஒரு சவரன் தங்கத்துக்கு சுமார் 330 கிலோ மண் இன்றும் மேடாக நிற்கிறது. பத்து சவரன் போட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டின் பங்கு மூன்று டன்னுக்கு மேல். நகைக் கடன் கொடுக்கும்போது இதையெல்லாம் நாங்கள் எடை போடுவதில்லை.

சயனைடு என்றதும் எல்லாரும் பயப்படுவார்கள். வெயிலிலும் காற்றிலும் அது பெரும்பாலும் சிதைந்துவிடும். சிதையாதவைதான் தொல்லை. மண்ணோடு போன கந்தகத் தாதுக்கள் மழையும் காற்றும் பட்டால் அமிலமாகும், அமிலம் உலோகங்களைக் கரைத்து எடுத்துக்கொண்டு இறங்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் இந்த மேடுகளை சயனைடுக்கும் அமில வடிகாலுக்கும் சோதித்து 2006ல் வெளியிட்டார்கள். சில மாதிரிகள் அமிலமாகவே இருந்தன. வேல்ஸ் டிப்பரின் கதையைப் படித்தவர்களுக்கு அந்த வார்த்தை உறுத்தும்.

பாதரசமும் உண்டு. தகட்டில் பூசிய பாதரசத்தில் கொஞ்சமாவது மண்ணோடு போகாமல் எந்த ஆலையும் ஓடியதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சவுத் ரிவர் என்ற ஆறு. அதன் கரையில் ஒரு தொழிற்சாலையிலிருந்து 1929 முதல் 1950 வரை பாதரசம் ஆற்றில் இறங்கியது. அரை நூற்றாண்டு கழித்து டான் கிறிஸ்டல் குழுவினர் கரையோரக் குருவிகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். மீனைத் தொடாத, தண்ணீரில் கால் நனைக்காத குருவிகளுக்கும் பாதரசம் ஏறியிருந்தது. வழி, சிலந்தி. ஆற்றில் வளர்ந்த பூச்சியைச் சிலந்தி தின்கிறது, சிலந்தியைக் குருவி தின்கிறது. 2008ல் இது வெளியானது. அதற்குப் பிறகு அங்குள்ள ரென் குருவிகளின் பாட்டைப் பதிவு செய்தார்கள். சுத்தமான ஓடைக் குருவிகளின் பாட்டை விட அது எளிமையாக, சுருதி இறங்கி இருந்தது. குஞ்சு பாட்டைப் பெரியவர்களைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்கிறது. நம் பிள்ளைகளின் தமிழை நினைத்துக்கொண்டேன், அதை விடுங்கள்.

நம் பக்கத்து ஓடைக் குருவி வாலாட்டிதான். வெண்புருவ வாலாட்டி வருஷம் முழுக்க இருக்கும், கருப்பு வெள்ளை, கரைக் கல்லில் நின்று நன்றாகப் பாடும். இந்தியத் துணைக்கண்டத்துக்கே உரிய குருவி. பாலாற்றின் மேல் இருக்கும் பேத்தமங்கலா ஏரி நமக்குக் குடிதண்ணீர் கொடுத்த ஏரி, அதன் கரையில் இதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாமல் "வண்ணான் குருவி" என்று நாங்களே வைத்துக்கொண்டோம், துவைக்கும் கல்லில் நிற்பதால். இன்னொன்று, வேல்ஸ் ஓடையில் டிப்பரோடு இருக்கும் அதே சாம்பல் வாலாட்டி. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு செப்டம்பர் வாக்கில் தென்னிந்திய ஓடைகளுக்கு வந்து ஏப்ரல் வரை தங்கும். வேல்ஸ் குருவியே கோலாருக்கு வருவதில்லை, இனம் ஒன்று. டெய்லர் கம்பெனி கைவைத்த இரண்டு ஊரிலும் இருக்கும் பறவை.

கம்பெனி அவுன்ஸ் அவுன்ஸாகத் தங்கத்துக்குப் பேரேடு வைத்தது. ஓடைக்கு வைக்கவில்லை. அது பழங்கதை என்று விட்டுவிடலாம், ஆனால் 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, சுமார் ஆயிரம் ஏக்கரில் கிடக்கும் இந்த 13 மேடுகளையும் மறுபடி அள்ளித் தங்கம் எடுக்க ஒப்புதல் கொடுத்தது. வேலை கிடைக்கும் என்று ஊரில் சந்தோஷப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சுரங்கம் மூடியபோது நான் பி.காம் கடைசி வருஷம். ஒரு ஊரே ரயில் ஏறி பெங்களூருக்கு வேலை தேடிப் போனதைப் பார்த்தவன். மேட்டை ஒழுங்காக அகற்றினால் தூசியும் குறையும். ஒழுங்காகச் செய்யாமல் இத்தனை வருஷம் இறுகிக் கிடந்த மண்ணைக் கிளறினால், அடுத்த மழையில் என்ன இறங்கும் என்பது ஓடைக்குத்தான் முதலில் தெரியும். இதே பாலாறு கீழே வாணியம்பாடி, ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக் கழிவால் என்ன ஆனது, உச்ச நீதிமன்றம் 1996ல் என்ன தீர்ப்புச் சொன்னது என்பதெல்லாம் வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு வேண்டியது அந்த 14. அள்ள ஆரம்பிக்கும் முன்னால் எடுத்த ஒரு தொடக்க இருப்பு. தண்ணீரின் பி.எச்., உலோகங்கள் எல்லாம் ஆய்வுக்கூடம் பார்க்கட்டும். குருவியை எண்ண ஆய்வுக்கூடம் வேண்டாம். 2015லிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்ததை ஈபேர்டு தளத்தில் ஏற்றினால் போதும். அந்தத் தளத்துக்கு மாநில எல்லை கிடையாது, கோலாரிலிருந்தும் ஏற்றலாம்.

டிசம்பர் லீவுக்கு எப்படியும் பாதிப் பேர் ஊருக்குப் போவீர்கள். மாமியார் வீடு, கல்யாண வீடு, ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெரு எல்லாம் முடித்துவிட்டு ஒரு காலை நேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேத்தமங்கலா கரைக்கோ, மேட்டிலிருந்து இறங்கும் ஏதாவது ஓர் ஓடைக்கோ போய் நில்லுங்கள். வாலாட்டி ஒன்றுமே இல்லை என்றாலும் அதையும் பதியுங்கள், அதுவும் கணக்குதான். பிள்ளைகளிடம் முன்னாடியே ஒன்று சொல்லிவையுங்கள்: சாம்பல் வாலாட்டிக்கு முதுகுதான் சாம்பல், வயிறு மஞ்சள்.