மூச்சு வாங்க வைக்கும் மைதானம்

பொலிவியாவின் லா பாஸ் நகரில் இருக்கும் எர்னாண்டோ சிலெஸ் மைதானத்தில் எதிரணிக்கு முதல் எதிரி காற்றுதான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரம். சமவெளியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே கிடைக்கும். பந்தோ காற்றுத் தடை குறைந்து இன்னும் வேகமாகப் பறக்கும்!

1930ல் திறக்கப்பட்ட மைதானம் இது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் தோற்றே அறியாத பிரேசில், 1993 ஜூலையில் இங்கேதான் 0-2 என்று முதன்முதலாக மண்ணைக் கவ்வியது. பொலிவியா 1994 உலகக் கோப்பைக்கும் போய்விட்டது.

2007 மே மாதம் ஃபிஃபா, 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேசப் போட்டிகள் கூடாது என்றது. ஜனாதிபதி ஈவோ மொராலெஸ் விடவில்லை. பிறந்த ஊரில் ஆடாதே என்று சொல்ல இவர்கள் யார்? எனக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது. 2008ல் மாரடோனாவே லா பாஸுக்கு வந்து ஆதரவாக ஆடினார். அந்த ஆண்டே தடை நிறுத்தி வைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 1. அர்ஜென்டினாவின் பயிற்சியாளராக அதே மாரடோனா வந்தார். அணியில் மெஸ்ஸியும் உண்டு. முடிவு 6-1, பொலிவியாவுக்கு!

2024ல் தேசிய அணி இன்னும் மேலே, 4,000 மீட்டரைத் தாண்டிய எல் ஆல்டோவுக்கு ஆட்டங்களை மாற்றியது. (இது கொஞ்சம் ஓவர்தான்.) 2025 செப்டம்பரில் அங்கேயும் பிரேசில் தோற்றது, 0-1.