தாளம் யார் கையில்?

கணினியில் பாட்டுக் கேட்பவர்கள் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பாட்டு எதையும் ஓட விடாமல் மவுஸை மட்டும் நகர்த்துங்கள். என் பழைய லேப்டாப்பில் ‘கிர்ர்’ என்று மெல்லிய இரைச்சல் கேட்கும். மவுஸ் நின்றால் அதுவும் நிற்கும். பென் டிரைவில் எதையாவது காப்பி செய்தால் வேறொரு சுருதியில் கீச்சிடும். வீணைக் கச்சேரிப் பதிவில் மீட்டு அடங்கித் தம்புரா மட்டும் மிஞ்சும் இடத்தில்தான் அந்தக் கீச்சொலி வந்து உட்காரும். பல வருஷம் அதைச் சகித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

கணினிக்குள் இசை என்பது வெறும் எண்கள். சி.டி. கணக்கில் நொடிக்கு, ஒவ்வொரு காதுக்கும் 44,100 எண்கள். அவற்றை ஹெட்ஃபோனுக்கான மின் அலையாக மாற்றும் சில்லு, பிராசசருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் நடுவே மதர்போர்டிலேயே இருக்கிறது. சந்தைக்கடை நடுவில் உட்கார்ந்து சுருதி சேர்க்கிற நிலைமை அதற்கு. அந்தச் சில்லை வெளியே கொண்டுவந்து தனியாக வைத்தால் என்ன? இசைப்பித்தர்கள் ‘டாக்’ என்று செல்லமாகச் சொல்லும் கருவி பிறந்தது இந்தக் கேள்வியில்தான்.

வெளியே வர வாசல் வேண்டுமே. அது 1996இல் திறந்தது, யூ.எஸ்.பி. என்ற பெயரில். 1998இல் அந்த வழியே ஒலியை அனுப்புவதற்கென்று தனி விதிமுறை வந்தது. பர்-பிரவுன் போன்ற நிறுவனங்கள் யூ.எஸ்.பி.யில் நேராகச் செருகும் மாற்றிச் சில்லுகளைச் செய்தன. இரைச்சல் குறைந்தது. ஆனாலும் கூர்ந்து கேட்டவர்களுக்கு ஏதோ ஒட்டவில்லை.

காரணம் தாளம். அன்றைய யூ.எஸ்.பி. ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒரு பொட்டலம் என்று அனுப்பும். 44,100 எண்களை ஆயிரம் பொட்டலமாகச் சரிசமமாகப் பிரிக்க முடியாது. ஒன்பது பொட்டலத்தில் 44 எண்கள், பத்தாவதில் 45, மறுபடி ஒன்பதில் 44 என்று போகும். அந்தக் காலத்து எளிய டாக்குகள் பொட்டலம் வரும் வேகத்தைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தை அவ்வப்போது திருத்திக்கொண்டே இருந்தன. பத்து வேலையைத் தலையில் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் தாளம் போட, அவர் கையைப் பார்த்துப் பார்த்து இன்னொருவர் பாடினால் எப்படி இருக்கும்? எண்கள் அத்தனையும் சரி, அவை வந்து விழும் நேரத்தில்தான் இம்மி இம்மியாகப் பிசகு. இந்த நடுக்கத்துக்குத்தான் ‘ஜிட்டர்’ என்று பெயர்.

பரிகாரம் 1998 விதிமுறைக்குள்ளேயே இருந்தது. டாக் தன் சொந்தப் படிகக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ‘கொஞ்சம் கூட அனுப்பு, கொஞ்சம் குறைத்து அனுப்பு’ என்று கணினிக்குச் சொல்லலாம். தாளம் டாக்கின் கைக்கு வந்துவிடும். ‘அசிங்க்ரனஸ்’ என்கிற இந்த முறைக்குச் சில்லுக்குள் ஓடும் நிரலைச் சிரமப்பட்டு எழுத வேண்டும். அந்தச் சிரமத்தை ஏற்றவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் சின்சினாட்டியில் வேவ்லெங்த் ஆடியோ நடத்திய கார்டன் ராங்கின். வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர் கணினிப் பாட்டுக்காக நிரல் எழுத உட்கார்ந்தது எனக்கு இன்றும் மரியாதைக்குரிய விஷயமாகத் தெரிகிறது. ‘ஸ்ட்ரீம்லெங்த்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். 2009இல் வந்த, அயர் நிறுவனத்தின் க்யூபி-9 டாக் அதை வாங்கிப் பயன்படுத்தியது. ஆனால் அதெல்லாம் அலமாரியில் வைக்கிற, விலை உயர்ந்த பெட்டி.

2012இல்தான் அது சட்டைப்பைக்குள் வந்தது. கேபிள்களுக்குப் பேர்போன ஆடியோக்வெஸ்ட், ராங்கினின் வடிவமைப்பில் ‘டிராகன்ஃப்ளை’யை வெளியிட்டது. டிராகன்ஃப்ளை என்றால் நம் தட்டான். பென் டிரைவ் அளவுதான். ஒரு முனையை லேப்டாப்பில் செருகி, மறுமுனையில் ஹெட்ஃபோனை மாட்டினால் போதும், டிரைவர் எதுவும் போட வேண்டாம். உள்ளே 44.1 குடும்பத்துக்கு (நொடிக்கு 44.1 ஆயிரம் எண்களும் அதன் மடங்குகளும்) ஒன்று, 48 குடும்பத்துக்கு ஒன்று என இரண்டு கடிகாரங்கள். 2016இல் வந்த அதன் கறுப்பு, சிவப்பு வகைகள் மின்சாரத்தைச் சிக்கனமாகக் குடித்ததால் செல்போனிலும் ஓடின.

இன்று கடையில் இந்த வகையில் எத்தனையோ கிடைக்கின்றன. 384, 768 என்று அட்டைப்பெட்டியில் மிரட்டும் எண்களுக்காகக் காசு கொடுக்காதீர்கள். நாம் கேட்பதில் பெரும்பகுதி 44.1, 48 தான். தாளம் டாக்கின் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து உங்கள் ஹெட்ஃபோனைப் பாருங்கள். 32 ஓம் இயர்ஃபோனை எந்தச் சின்னக் கருவியும் ஓட்டிவிடும்; 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு வோல்டேஜ் வேண்டும். டிராகன்ஃப்ளை கறுப்பு 1.2 வோல்ட் தருகிறது, சிவப்பு 2.1. வித்தியாசம் காதிலேயே தெரியும்.

நான் டிராகன்ஃப்ளை வாங்கிய முதல் நாள், சி.டி.யிலிருந்து எடுத்து வைத்திருந்த அதே வீணைப் பதிவைப் போட்டேன். அதன் மேல்புறத்தில் இருக்கும் தட்டான் நீலமாக எரிந்தது. நீலம் என்றால் 48, பதிவோ 44.1, பச்சை எரிய வேண்டும். கணினி வழியிலேயே எண்களை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒலி அமைப்பைத் திறந்து 44.1க்கு மாற்றினேன். தட்டான் பச்சையானது. மவுஸை வேண்டுமென்றே இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தேன். வீணை அடங்கிய இடத்தில் தம்புரா மட்டும் இருந்தது.