அலுமினியப் படகில் குழி அரிப்பு: பழுதுநீக்கம்

அலுமினியப் படகின் அடித்தகட்டில் ஊசிமுனை அளவில் தோன்றி உள்நோக்கி ஆழமாகும் உலோக அரிப்பு குழி அரிப்பு எனப்படும். சுற்றியுள்ள தகடு கெடாமல் இருக்கையிலேயே ஓரிடத்தில் ஓட்டை விழுவதால் இது சீரான அரிப்பைவிட ஆபத்தானது.

அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலத்தைக் கடல்நீரிலுள்ள குளோரைடு அயனிகள் உடைக்கின்றன. செம்பு கலந்த அடிப்பூச்சு, எஃகுத் திருகுகள், கசியும் மின்னோட்டம் ஆகியவை அரிப்பை விரைவுபடுத்தும். கடலுக்கேற்ற 5083, 5086 கலவைகளும் இதற்கு முழு விலக்கல்ல.

குழியின் வாயில் சேரும் வெண்பொடியையும் அடியிலுள்ள உப்பையும் நீக்கி, பளபளக்கும் உலோகம் தெரியும்வரை தேய்ப்பதே பழுதுநீக்கத்தின் உயிர்நாடி. இதற்கு, எஃகில் பயன்படுத்தாத துருப்பிடிக்காக் கம்பித் தூரிகை தேவை. ஒட்டிவரும் இரும்புத் துகள் புதிய அரிப்பைத் தொடங்கிவிடும். மீதத் தடிமன் மீயொலிக் கருவியால் அளக்கப்படும். ஆழமற்ற குழிகளை எப்பாக்சிப் பசையால் நிரப்பலாம். ஆழமானவை 5356 அல்லது 5183 நிரப்புக் கம்பியால் பற்றவைக்கப்படும். அலுமினியம் 660° செல்சியசில் உருக, ஆக்சைடு 2,000° செல்சியசைத் தாண்டியே உருகுவதால், படலத்தை முன்னரே அகற்றாவிடில் பற்றவைப்பு பிடிக்காது. பரவலாக மெலிந்த தகடு வெட்டி மாற்றப்படும்.

மூலக்காரணத்தைக் களையாத பழுதுநீக்கம் நிலைப்பதில்லை. தகட்டுக்குப் பதிலாகத் தானே அரிக்கப்படும் காப்பு நேர்மின்வாயாகக் கடல்நீரில் துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவையும், நன்னீரில் மக்னீசியமும் பொருத்தப்படும்.